அரையணாவில் தொடங்கிய பம்பாய்ப் பயணம்

சதாராவில் ஒரு வீடு. இரவில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஒரு சிறுவன் மட்டும் விழித்துக் கிடக்கிறான். பக்கத்தில் படுத்திருக்கும் அத்தையின் இடுப்பில் பணப்பை இருக்கிறது. அதை எடுக்க வேண்டும், அந்தக் காசில் பம்பாய்க்குப் போக வேண்டும், அங்கே பஞ்சாலையில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவன் திட்டம். மூன்று இரவுகள் முயன்றும் முடியவில்லை. நான்காவது இரவு பை கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது வெறும் அரையணா.

அரையணாவை வைத்துக்கொண்டு பம்பாய் போக முடியாது. அந்த ஏமாற்றத்திலும் வெட்கத்திலும் சிறுவனின் மனம் மாறியது. இனிமேல் ஒழுங்காகப் படிப்பது, தேர்வுகளில் தேறி யாரையும் நம்பாமல் சொந்தக் காலில் நிற்பது என்று முடிவெடுத்தான். பிற்காலத்தில் இதை ஒளிக்காமல் அவரே சொன்னார். அந்தச் சிறுவன்தான் அண்ணல் அம்பேத்கர்.

அரசியல் சட்டத்தை எழுதிய அம்பேத்கரை நாம் அறிவோம். மகாத் குளத்தில் இறங்கிய அம்பேத்கரையும் நாகபுரியில் பௌத்தம் ஏற்ற அம்பேத்கரையும் அறிவோம். ஆனால் பம்பாய் என்னும் ஊரில் வாடகை அறையில் குடியிருந்து, அந்த ஊரோடு சேர்ந்து வளர்ந்த அம்பேத்கரைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். பிளஸ் டூ முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதை அவசியம் தெரிய வேண்டும்.

நகரத்துக்கு முன்

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தந்தை ஓய்வு பெற்ற பிறகு குடும்பம் தபோலிக்கும் பின்னர் சதாராவுக்கும் சென்றது. சதாராவில் தாய் பீமாபாய் இறந்துவிட்டார். பிள்ளைகளை அத்தை மீராபாய் வளர்த்தார். அந்த ஊரில் மகர் சாதிச் சிறுவனுக்கு முடி வெட்ட நாவிதர் வரமாட்டார். அக்காதான் வெட்டிவிடுவார். பள்ளியில் தண்ணீர்க் குழாயை அவனாகத் திறக்க முடியாது. வேறு ஒருவர் வந்து திறந்துவிட வேண்டும்.

ஒன்பது வயதில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. வேலை நிமித்தம் வேறு ஊரில் இருந்த தந்தையைப் பார்க்க, பிள்ளைகள் மட்டும் ரயில் ஏறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். என்ன சாதி என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. வழி நெடுகக் கேட்டும் யாரும் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியாகத் தூங்கினார்கள். தண்ணீர் அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும்.

ஒற்றை அறையில் ஒரு ஆடு

1904-ல் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் திருட்டுக் காசில் போக நினைத்த ஊருக்குத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

அன்றைய பம்பாய் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் அங்கேதான் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சாலைகள் எழுந்தன. பரேல் பகுதியில் புகைபோக்கிகள் நெருக்கமாக நின்றன. கொங்கண் கிராமங்களில் நிலமில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஆலைகளிலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் சேர்ந்தார்கள். 1896-ல் பிளேக் நோய் வந்து நெரிசலான குடியிருப்புகளில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு 1898-ல் அரசு இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உருவாக்கியது. அது தொழிலாளர்களுக்காகச் சில இடங்களில் மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. ஒரு நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும். இதற்குப் பெயர் சால்.

ராம்ஜியின் குடும்பம் முதலில் குடியேறியது கீழ்ப் பரேலில் இருந்த டபக் சாலில். இருந்தது ஒரே அறை. அதற்குள்தான் சமையல், படுக்கை, பாத்திரம், விறகு, அம்மிக்கல். வாசலில் ஒரு ஆடு கட்டியிருக்கும். இதில் எங்கே உட்கார்ந்து படிப்பது? தந்தை ஒரு வழி கண்டுபிடித்தார். மகனை முன்னிரவிலேயே தூங்க வைத்துவிட்டு அவர் விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, காலியான அந்த இடத்தில் அவர் படுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மகன் விடியும்வரை படிப்பான். புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது ராம்ஜி, திருமணமான மகள்களிடம் கடன் கேட்டார், அவர்களின் நகையை வாங்கி அடகு வைத்தார்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி அரசுப் பள்ளி. நகரத்தின் நல்ல பள்ளிகளில் ஒன்று. ஆனால் சாதி நகரத்துக்குள் வரத் தயங்கவில்லை. ஒரு நாள் ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட அவரை அழைத்தார். பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவர் தொட்டால் தீட்டாகிவிடும் என்று மாணவர்கள் முண்டியடித்து ஓடிப்போய் டப்பாக்களை எடுத்தார்கள். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார், அனுமதி இல்லை. பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று.

பூங்காவில் கிடைத்த ஆசான்

வீட்டில் இடம் இல்லாத பிள்ளைக்கு ஊரில் ஓர் இடம் கிடைத்தது. சர்னி ரோடு பூங்கா. பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து படிப்பார். அதே பூங்காவுக்குத் தினமும் வரும் ஆசிரியர் ஒருவர் இவரைக் கவனித்தார். அவர்தான் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர், மராத்தி எழுத்தாளர், சீர்திருத்தவாதி. பேச்சுக் கொடுத்தார், புத்தகங்கள் கொடுத்தார்.

1907-ல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். மதிப்பெண் 750-க்கு 282. இன்று நம் பள்ளிகளில் இந்த மதிப்பெண்ணோடு நிற்கும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் தீண்டப்படாத சாதியிலிருந்து ஒரு பிள்ளை மெட்ரிக் தேறுவது அன்று பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் நடந்தது. சமூகச் சீர்திருத்தத் தலைவர் எஸ்.கே. போலே தலைமை வகித்தார். கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். போலேயின் பெயரையும் அந்தப் புத்தகத்தையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ரமாபாயுடன் திருமணம் நடந்த இடம் பைகுல்லா சந்தை. மண்டபம் எடுக்க வசதியில்லை. வியாபாரிகள் கடை கட்டிப் போன பிறகு, இரவில், சந்தையின் திறந்த கொட்டகையில் தாலி கட்டினார்கள். காலடியில் சாக்கடைத் தண்ணீர் ஓடியது. கடை போடும் கல் மேடைகளில் உறவினர்கள் உட்கார்ந்தார்கள். விடிவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். சந்தைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு கட்டத்தில் பணம் தீர்ந்தது. கேலுஸ்கர் முயற்சி எடுத்து பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. முல்லர் என்ற பேராசிரியர் புத்தகங்களும் உடைகளும் கொடுத்து உதவினார். கல்லூரி உணவகக்காரர் மட்டும் தேநீரோ தண்ணீரோ தர மறுத்தார். இதற்குள் குடும்பம் பரேலில் டிரஸ்ட் கட்டிய சாலுக்கு மாறியிருந்தது. இப்போது ஒன்றுக்கு இரண்டு அறைகள். பட்டம் பெற்றுச் சில நாட்கள்கூட மகனின் வேலையைப் பார்த்து மகிழ ராம்ஜிக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1913 பிப்ரவரி 2-ல் காலமானார். அதே ஆண்டு ஜூலையில் பரோடா மன்னரின் உதவியோடு அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார்.

திரும்பி வந்தவருக்குக் கிடைத்த வரவேற்பு

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் நாடு திரும்பினார். உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியே போகச் சொன்னது. நண்பர்களிடம் கேட்டார், யாரும் இடம் தரவில்லை. கடைசியில் அங்கிருந்த பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்து அழுதார். இரவு ரயிலைப் பிடித்து பம்பாய்க்கு வந்தார். ஒரு பூங்காவில் ஆசான் கிடைத்தார். இன்னொரு பூங்காவில், இவ்வளவு படித்தும் தலை சாய்க்க இடமில்லை என்ற உண்மை உறைத்தது.

அன்று அவர் திரும்பி வர ஒரு பம்பாய் இருந்தது. பரேலில் இரண்டு அறைகள் இருந்தன. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்த ஊர் என்பது பிறந்த ஊரா, அடிபட்டபோது திரும்பி வர முடிகிற ஊரா? அம்பேத்கருக்கு இரண்டாவதுதான்.

பம்பாயும் உடனே மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பங்குச் சந்தை வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். 1918 நவம்பரில் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். மாணவர்கள் அவர் வகுப்பை விரும்பிக் கேட்டார்கள். ஆசிரியர் அறையிலோ, பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள்.

பேராசிரியர் சம்பளம் வந்தும் அவர் பரேல் சாலை விட்டு நகரவில்லை. விட்டுவந்த லண்டன் படிப்பை முடிக்கப் பணம் சேர்த்தார். 1920 ஜனவரி 31-ல் கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜின் உதவியோடு ‘மூக்நாயக்’ இதழ் வந்தது. ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். எழுதத் தெரிந்த ஒருவர், எழுத விடப்படாத மக்களுக்காகத் தொடங்கிய பத்திரிகை. இன்று இந்தப் பத்தியை எழுதும் நாமும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

வீடு கொடுத்த விலை

1920 ஜூலையில் மீண்டும் லண்டன் போனார். அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் அங்கே நூலகத்தில் அரைப் பட்டினியோடு படித்ததை எழுதுவார்கள். அது உண்மை. ஆனால் பரேலில் ரமாபாய் பட்ட பாட்டை ஓரிரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே, வருமானம் இல்லாத வீட்டை அவர் தனியாக இழுத்துக்கொண்டு போனார். இத்தம்பதியின் ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். எஞ்சியவர் யஷ்வந்த் மட்டுமே. கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926-ல் இறந்தபோது அம்பேத்கர் உடைந்துபோனார். ஒரு மனிதர் நகரத்தோடு வளர்ந்தார் என்று நாம் சொல்லும்போது, அந்த வளர்ச்சிக்கு யார் பட்டினி கிடந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாமோதர் ஹால்

1923-ல் டாக்டர் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் நடத்தப் பதிவு செய்யக்கூடக் கையில் பணம் இல்லை. கொலம்பியாவில் உடன் படித்த நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் கொடுத்தார். பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள், பம்பாயில் கைகொடுத்தவரும் பார்சி. சாதியை, மதத்தைப் பார்த்து மனிதரை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பெரிய சொலிசிட்டர் நிறுவனங்கள் தீண்டப்படாத பாரிஸ்டருக்கு வழக்குத் தரவில்லை. ஏழைகளின் வழக்குகள் வந்தன. அவற்றை நடத்தினார். வருமானம் போதாமல் ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார். 1928-ல் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர், 1935-ல் அதே கல்லூரியின் முதல்வர். ஒரே நேரத்தில் நீதிமன்றம், வகுப்பறை, பத்திரிகை, இயக்கம் எல்லாம் நடந்தன. இத்தனையும் ஒரு டிராம் பயண தூரத்துக்குள் இருந்ததால்தான் அது முடிந்தது. பெருநகரம் ஒரு மனிதருக்குத் தரும் வசதி அது.

அந்த வசதியை அவர் தமக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1924-ல் பரேலின் தாமோதர் ஹாலில் கூட்டம் கூட்டி ‘பஹிஷ்கிருத் ஹிதகாரிணி சபா’வைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்டோர் நலச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். ஆலைகளுக்கும் சால்களுக்கும் நடுவே அலுவலகம். மனு எழுதவும் வழக்குச் சொல்லவும் தொழிலாளர்கள் வந்து போனார்கள். சபா சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. பம்பாயில் இலவசப் படிப்பகம் நடத்தியது. இளைஞர்களைக் குடியிலிருந்தும் சூதிலிருந்தும் திருப்ப ஹாக்கி அணியும் அமைத்தது. பூங்காவில் உட்கார்ந்து படித்த சிறுவன், பெரியவனானதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று பிறருக்குப் படிக்க ஓர் இடம் கொடுத்தது.

சட்டசபைத் தீர்மானமும் ஒரு கை தண்ணீரும்

பாராட்டுக் கூட்டத்துக்குத் தலைமை வகித்த போலே, 1923-ல் பம்பாய் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி அனைத்தும் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்றது தீர்மானம். கொங்கண் பகுதியில் மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று அறிவித்தது. ஆனால் அது காகிதத்தில்தான். யாரும் இறங்கிக் குடிக்கத் துணியவில்லை.

1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அந்தக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். மசூர் சாலையில் தவித்த ஒன்பது வயதுப் பிள்ளையும், கல்லூரி உணவகத்தில் தேநீர் மறுக்கப்பட்ட மாணவரும், பானையைத் தொடாதே என்று சொல்லப்பட்ட பேராசிரியரும் அந்த ஒரு கையில் இருந்தார்கள். நகரத்தில் நிறைவேறிய சட்டம் கிராமத்துக்கு நடந்து போனது அன்றுதான். தாக்குதல் நடந்தது, பலர் காயமடைந்தார்கள். அடுத்த மாதமே பம்பாயிலிருந்து ‘பஹிஷ்கிருத் பாரத்’ இதழைத் தொடங்கினார். அதன் பெரும்பாலான பத்திகளை அவரே எழுதினார்.

ஆலைக்குள் ஒரு சாதிச் சுவர்

சிறுவயதில் அவர் கனவு கண்ட பஞ்சாலை எப்படி இருந்தது? நூற்புப் பிரிவில் நம் மக்களுக்கு இடம் உண்டு. கூலி அதிகமான நெசவுப் பிரிவில் இடம் கிடையாது. காரணம் நாடா. நெசவாளி புது நூலை நாடாவுக்குள் வாங்க அதன் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் மற்றவர் எப்படி வாய் வைப்பது என்று சாதி இந்துத் தொழிலாளர்களே எதிர்த்தார்கள். முதலாளி மட்டுமல்ல, பக்கத்துத் தறிக்காரரும் கதவைச் சாத்தினார்.

1928-ல் பம்பாய் பஞ்சாலைகளில் மாதக்கணக்கில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நெசவுப் பிரிவைத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்காவிட்டால் நம் தொழிலாளர்களைக் கலந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் தெரிவித்தார். தயங்கித் தயங்கி அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தொழிலாளர் ஒற்றுமை என்று பேசுகிறவர்களுக்கு அவர் அன்று வைத்த கேள்வி இன்றும் தீரவில்லை. அதே அம்பேத்கர், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதா வந்தபோது 1938 நவம்பர் 7-ல் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார். அந்த ஆண்டு ஜனவரியில், ரத்தினகிரி உள்ளிட்ட மாவட்டங்களின் குத்தகை விவசாயிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, கோத்தி நிலவுடைமை முறையை ஒழிக்கக் கேட்டு பம்பாய் சட்டசபைக்கு ஊர்வலம் நடத்தியிருந்தார். நகரத்துக்கு வந்த பின்பும் கிராமத்துக் கடனை அவர் மறக்கவில்லை.

புத்தகங்களுக்கு ஒரு வீடு

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு நம் இரட்டைமலை சீனிவாசனோடு போய் வந்தார். 1931 ஆகஸ்டில் பம்பாய் மணிபவனில் காந்தியை முதன்முதலாகச் சந்தித்தார். 1932-ல் பூனா ஒப்பந்தம் வந்தது. இவை எல்லாம் நாம் பலமுறை படித்தவை. இதே ஆண்டுகளில் தாதர் இந்து காலனியில் அவர் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வீடு என்பதைவிட நூலகம் என்பதே சரி. ஒற்றை அறையில் ஆட்டுக்கும் அம்மிக்கும் நடுவே படித்தவர், புத்தகம் வைக்க இடம் வேண்டும் என்பதற்காகவே கட்டினார். 1930-களின் நடுவில் சால் அறைகளை விட்டு அங்கே குடியேறினார். அதற்கு வைத்த பெயர் ராஜகிருகம். புத்தர் நடமாடிய மகத நாட்டுத் தலைநகரின் பெயர். கேலுஸ்கர் கொடுத்த புத்தகம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருந்தது என்பதை அந்தப் பெயர்ப் பலகை சொல்லும். ரமாபாய் அந்த வீட்டில் அதிக நாள் வாழவில்லை. 1935 மே 27-ல் இறந்தார்.

1937 தேர்தலில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் வேட்பாளராக பைகுல்லா-பரேல் தொகுதியில் நின்று வென்றார். எந்தச் சந்தைக் கொட்டகையில் விடிவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததோ, எந்தச் சாலில் குடியிருந்தாரோ, அந்தப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பினார்கள். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் காங்கிரஸ் வேட்பாளரான கிரிக்கெட் வீரர் பால்வங்கர் பாலு. அவரும் தீண்டப்படாத சாதியில் பிறந்து, பந்துவீச்சால் பம்பாயைக் கைதட்ட வைத்தவர். நம்மவர் இருவரை எதிரெதிரே நிறுத்தும் அரசியல் அன்றே தொடங்கிவிட்டது.

காலையில் கல்லூரி

1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகி டெல்லி போனார். ஆனாலும் பம்பாய்க்கு ஒன்று செய்ய நினைத்தார். 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946 ஜூன் 20-ல் சித்தார்த்தா கல்லூரி பிறந்தது. சித்தார்த்தர் என்பதும் புத்தரின் பெயர்தான்.

அந்தக் கல்லூரியின் சிறப்பு அதன் நேரம். வகுப்புகள் காலையில் நடந்தன. படித்துவிட்டு வேலைக்குப் போகலாம். அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் இளைஞர்களால் பட்டம் வாங்க முடிந்தது. இரவு 2 மணிக்கு எழுந்து படித்தவருக்குத்தான் ஏழைப் பிள்ளைக்கு எந்த நேரம் ஒழியும் என்று தெரியும்.

நகரம் யாருடையது

அரசியல் சட்டத்தைத் தந்தவரை, சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைத் தேர்தலில் அதே பம்பாய் தோற்கடித்தது. வடக்கு பம்பாய் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். பிறகு மாநிலங்களவைக்குப் போனார். சொந்த ஊர் தந்த காயம் அது. ஆனால் ஊரோடு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அதே பம்பாயில் வணிகக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் திறந்தன.

பம்பாய் யாருக்குச் சேர வேண்டும் என்ற சர்ச்சை நடந்தபோது, 1948-ல் மொழிவாரி மாகாண ஆணையத்துக்கு அவர் விரிவான அறிக்கை கொடுத்தார். வியாபாரமும் மூலதனமும் தங்கள் கையில் இருப்பதால் நகரம் தங்களுடையது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. முதல் போட்டவர் என்பதாலேயே ஒருவர் ஊருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது என்பதே அதில் நமக்குக் கிடைக்கும் பாடம்.

1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் பௌத்தம் ஏற்ற பிறகு, டிசம்பரில் பம்பாயிலும் பெரும் தீட்சை விழா நடத்தத் திட்டமிட்டிருந்தார். அதற்குள் டிசம்பர் 6-ல் டெல்லியில் காலமானார். உடலை விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்து ராஜகிருகத்தில் வைத்தார்கள். ஆலைத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் வேலைக்குப் போகாமல் வந்து நின்றார்கள். மறுநாள் ஊர்வலம் பரேல் வழியாக தாதர் கடற்கரை மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயே, சிதையின் முன்னால், திரளான மக்கள் பௌத்தம் ஏற்றார்கள். அவர் நடத்த நினைத்த விழா அவர் இல்லாமல் நடந்தது. அந்த இடம்தான் இன்று சைத்ய பூமி. ஆண்டுதோறும் டிசம்பர் 6-ல் லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். கையில் பூவோடு வருகிறவர்கள் திரும்பும்போது புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நமக்கு

கிராமம் சாதியைக் காக்கும் இடமாக இருக்கிறது என்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் சாடினார். நகரத்துக்குப் போகும்படி நம் மக்களுக்கு அறிவுரை சொன்னார். அந்த அறிவுரையை இன்று நாம் எடுத்துக்கொள்வதில் ஒரு பிழை இருக்கிறது. நகரம் போனால் சாதி போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. எல்பின்ஸ்டன் பள்ளியின் கரும்பலகைக்குப் பின்னாலும், சைடன்ஹாமின் பானைக்குள்ளும், ஆலையின் நாடாவிலும் அது இருந்தது. இன்று வாடகைக்கு வீடு கேட்கும்போது வரும் முதல் கேள்வியில் இருக்கிறது. கூவம் கரையிலிருந்து தூக்கி, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கிவிடப்பட்ட நம் உறவுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரத்தைக் கட்டியவர்களை நகரத்துக்கு வெளியே தள்ளுவது இன்னும் நிற்கவில்லை.

அம்பேத்கரின் பம்பாய் வாழ்க்கை சொல்வது வேறு. நகரம் சமத்துவத்தைத் தானாகத் தராது. ஆனால் கிராமத்தில் கிடைக்காத சில கருவிகள் அங்கே கிடைக்கும். ஒரு பொதுப் பூங்கா, ஓர் அரசுப் பள்ளி, ஒரு நூலகம், ஒரு நீதிமன்றம், ஓர் அச்சகம், கூட்டம் போட ஒரு ஹால். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பயன்படுத்தினார். அத்தோடு நிற்காமல், தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு படிப்பகம், ஒரு விடுதி, ஒரு பத்திரிகை, ஒரு கல்லூரி என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டு படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு வேலை கிடைத்து நகரத்தில் கால் ஊன்றும் நாள் வரும். அன்று உங்கள் ஊரிலிருந்து அடுத்த பேருந்தில் ஒரு பிள்ளை பையோடு வந்து இறங்கும். அதன் கையில் அரையணாதான் இருக்கும். அது தங்குவதற்கும் படிப்பதற்கும் உங்கள் அறையில் ஓர் ஓரத்தை ஒதுக்கி வையுங்கள். அண்ணல் வளர்ந்த வழி அதுதான்.